உறைபனிக்கு முன் ரோஜாவுக்கு என்ன உணவு?

மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பாதியைக் கடந்ததும் வானம் தெளியத் தொடங்குகிறது. பகலில் இளவெயில், மாலை ஆறு மணிக்கே போர்வை தேடும் குளிர். மார்கழி பிறந்து காற்றும் அடங்கிய ஓர் இரவில், செண்டுவரையிலோ லட்சுமி எஸ்டேட்டிலோ சைலன்ட்வாலியிலோ புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் விடிகிறது. அதைக் காண்பதற்கென்றே சமவெளியிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் வருகின்றனர். 2019 ஜனவரியில் வெப்பநிலை பல நாள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும், தேயிலைக் கொழுந்து பரந்த அளவில் கருகியதும் இப்பகுதியினர் மறக்கக் கூடியவை அல்ல.

தேயிலை கருகினால் கணக்கெடுக்க ஆள் உண்டு. லயத்து வாசலில் நிற்கும் ரோஜா கருகினால் கணக்கெடுப்பார் இல்லை. ஆயினும் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடந்து செல்லும் எவரும், வரிசை வீடுகளின் முன்னால் ரோஜாவைக் காணாமல் போக முடியாது. பெயின்ட் டப்பாவிலும் எண்ணெய்த் தகரத்திலும் உடைந்த பிளாஸ்டிக் வாளியிலும் அவை நிற்கின்றன. தரையில் இடம் இருந்தும் ஏன் தகரத்தில் வளர்க்கிறார்கள் என்று வெளியூரார் வியக்கலாம். வீடும் நிலமும் தோட்டத்தைச் சேர்ந்தவை. ஓய்வுபெற்று வீட்டைக் காலி செய்யும் நாளில் தரையில் நட்டது அங்கேயே நிற்கும். தகரத்தில் உள்ளது மட்டுமே உடன்வரும். முப்பது ஆண்டு உழைத்தவர் ஊர் திரும்பும்போது பெட்டி படுக்கையோடு ஏற்றிச் செல்லும் செடியை வெறும் அலங்காரம் என்று கருதிவிட முடியாது.

ஆகவே இவ்விதழில் குளிருக்கு முன் ரோஜாவைப் பேணுவதைப் பற்றி எழுதுகிறோம். மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தளூர் வாழ் வாடிக்கையாளர்களை முதன்மையாக எண்ணியே எழுதுகிறோம். நெல்லியாம்பதி, சித்தூர், பாலக்காடு வாழ்வோர்க்கும் பின்பகுதியில் சில செய்திகள் உண்டு.

கிறிஸ்துமஸ் பூவும் நாட்கணக்கும்

கார்த்திகை மாதத்தில் ரோஜா வளர்ப்போர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் செடி நிறையப் பூக்க என்ன உரம் போடலாம்? ஆலயத்துக்கும் பூ வேண்டும். சபரிமலைக்கு மாலையிட்டவர் வீட்டுப் பூசைக்கும் பூ வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கூடும் காலமும் அதுவே. இக்கேள்விக்குக் கிடைக்கும் வழக்கமான விடை, ஒரு பிடி யூரியா. இவ்விடை இருவகையில் தவறானது.

முதலில் நாட்கணக்கைப் பார்ப்போம். ஒரு கிளையை வெட்டிய நாளிலிருந்து அவ்விடத்தில் புதுத் தளிர் எழுந்து, நீண்டு, மொட்டு வைத்து மலர்வதற்குச் சமவெளியின் வெப்பத்தில் ஏறத்தாழ 45 நாள் ஆகும். 1,500 மீட்டருக்கு மேல், குளிர்ந்த இரவுகளில் அதே வேலைக்கு 65 முதல் 75 நாள் வரை ஆகும். எனவே டிசம்பர் 20 வாக்கில் பூ வேண்டுமாயின், இலேசான வெட்டும் அதனுடன் இடும் தழைச்சத்தும் அக்டோபர் முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும். நவம்பர் 20-இல் யூரியா இடுபவருக்குப் பூ கிடைப்பது பிப்ரவரி தொடக்கத்தில். இடையில் கிறிஸ்துமஸும் பொங்கலும் போய்விடும். உறைபனி மட்டும் தவறாமல் வந்து சேரும்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. தழைச்சத்து உண்ட செடி விடும் தளிர் சிவந்து, நீர் நிறைந்து, மென்மையாக இருக்கும். பனி இரவில் முதலில் கருகுவது அதுவே. கருகிய நுனியோடு இழப்பு நின்றுவிட்டால் கவலையில்லை. அந்தப் புண் வழியாகப் பூஞ்சாணம் நுழைந்து, கிளை மேலிருந்து கீழாகப் பழுப்பும் கருப்புமாக இறந்துகொண்டே வரும். பின்கருகல் என்று தோட்டக்கலையார் கூறும் இந்நோய், இம்மலைகளில் ரோஜாவை உறைபனியைக் காட்டிலும் அதிகமாகக் கொல்கிறது என்பது எம் கருத்து. உறைபனி கதவைத் திறந்துவைக்க, உள்ளே புகுந்து கொள்ளையிடுவது நோய்.

குளிர் தாங்காத குணம் எங்கிருந்து வந்தது?

ரோஜா குளிர்நாட்டுச் செடிதானே, அதற்கேன் பனியைக் கண்டு அச்சம் என்று தோன்றலாம். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் கடுங்குளிரைத் தாங்குபவை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறையே பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீன ரோஜாக்கள் கப்பலேறி மேற்கு நோக்கிச் சென்றன. அவற்றுள் சில கல்கத்தா வழியாகவே சென்றன. ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன இனத்திலிருந்து வந்தது. குளிர் தாங்காத மென்மையும் அதனோடு சேர்ந்தே வந்தது. 1867-இல் பிரான்சில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற வகையை முதல் கலப்பினத் தேயிலை ரோஜாவாகக் கொள்வர். 'தேயிலை ரோஜா' என்ற பெயருக்கும் மூணாற்றுத் தேயிலைக்கும் தொடர்பு இல்லை; சீனத்து மூல இனத்தின் மணம் தேயிலையை ஒத்தது என்று கருதியே அப்பெயரிட்டனர். இன்று நாற்றுக் கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே. ஆண்டு முழுவதும் பூக்க வல்லவை என்பதால், குளிர் வருகிறது என்று தாமே உணர்ந்து ஓய்வுக்குச் செல்லும் பழக்கம் இவற்றுக்குக் குறைவு. உணவு கிடைத்தால் மார்கழியிலும் தளிர்விடும்.

நாட்டில் ஒட்டுச்செடிக்கு வேர்த்தண்டாகப் பயன்படும் எட்வர்டு ரோஜாவின் வரலாறும் சுவையானது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவு, அக்காலத்தில் பூர்பான் தீவு. அங்கே வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் மேற்காசிய டமாஸ்க் ரோஜாவும் இயல்பாகக் கலந்து பிறந்த வழியைச் சேர்ந்தது அது. பன்னீர் ரோஜா என்று நாம் கொண்டாடும் இளஞ்சிவப்பு நாட்டு ரோஜாக்களின் மணமும் அந்த டமாஸ்க் உறவினால் வந்ததே. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலை ஓரங்களில் தானே வளரும் வெள்ளைக் காட்டு ரோஜா ஒன்றும் உண்டு. லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதற்கு எவரும் உரமிடுவதில்லை, எவரும் போர்த்துவதில்லை, ஆண்டுதோறும் பனியைக் கடந்து பூக்கிறது. நம் வீட்டு வாசல் செடிக்கு அத்துணை வலிமை கிடையாது.

செடி தன்னைத் தானே ஓரளவு தயார் செய்துகொள்கிறது என்பதும் உண்மை. பகல் குறுகி, இரவுக் குளிர் படிப்படியாகக் கூடும்போது அது வளர்ச்சியைக் குறைத்து, இலையில் உண்டாக்கிய சர்க்கரையைத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. சர்க்கரையும் உப்பும் கரைந்த நீர் வெறும் நீரைப்போல் பூஜ்யத்தில் உறைவதில்லை. இன்னும் சற்றுக் குளிர்ந்தே உறையும். பட்டையும் தடித்து மரத்தன்மை பெறுகிறது. இச்சேமிப்புக்குச் சில வாரம் தேவை. அந்த வாரங்களில் நாம் யூரியா இட்டால், செடி வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்துப் புதுத் தளிருக்குச் செலவிட்டுவிடுகிறது.

என்ன இடுவது, எப்போது இடுவது?

தழைச்சத்து இடுவதற்குக் கடைசி நாள் அக்டோபர் நடுப்பகுதி என்று கொள்ளலாம். அதன்பின் யூரியா, பச்சைச் சாணக் கரைசல், கோழி எரு, பிண்ணாக்குத் தண்ணீர் எவையும் வேண்டா. மாட்டுப்பட்டிக்கு அருகே வீடு உள்ளவர்கள் இதைச் சற்று நினைவில் வைக்க வேண்டும். மாட்டுப்பட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய சுவிஸ் கால்நடைத் திட்டத்திலிருந்து இப்பகுதியில் கலப்பினப் பசுக்கள் பெருகின. சாணத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கிடைக்கிறதே என்று நவம்பரில் புதுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது யூரியா இடுவதற்குச் சற்றே மாற்று. ஓராண்டு மக்கிய தொழு உரம் வேறு. அதை வேருக்கு மேல் போர்வையாகப் பரப்பலாம், ஏனெனில் குளிர்ந்த மண்ணில் அது மெல்லவே கரையும்.

குளிருக்கு முன் செடிக்குத் தேவைப்படுவது சாம்பல்சத்து. செல்லுக்குள் நீரின் அளவை ஒழுங்கு செய்வதும், சர்க்கரையை இலையிலிருந்து தண்டுக்குக் கொண்டு செல்வதற்கு உதவுவதும் அதுவே. ஆனால் இங்கே தென்மேற்குப் பருவமழை நான்கு மாதம் கொட்டுகிறது. அதன்பின் வடகிழக்கு மழை. சாம்பல்சத்து எளிதில் கரைந்து மண்ணிலிருந்து வழிந்துவிடும் இயல்புடையது. ஜூன் மாதம் இட்டது நவம்பரில் இருக்காது. எனவே மழை ஓய்ந்தபின், நவம்பர் கடைசி வாரம் அல்லது டிசம்பர் முதல் வாரத்தில், வளர்ந்த செடி ஒன்றுக்கு 15 முதல் 20 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடலாம். இது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, கிளறி, நீர் ஊற்ற வேண்டும். தகரச் செடிக்கு அதில் கால்பங்கு போதும்.

கடையில் மூட்டையைப் புரட்டி எண்களைப் படித்து வாங்குவது நலம். மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. 19:19:19 என்றால் மூன்றும் சமம்; குளிருக்கு முன் அது வேண்டா. டி.ஏ.பி. என்பது 18:46:0, அதுவும் வேண்டா. 13:0:45 என்பது சாம்பல்சத்து மிகுந்ததாகத் தோன்றினாலும் தழைச்சத்தும் கலந்தது. 0:0:50 என்று எழுதியிருப்பதே நாம் தேடுவது. மூன்றாம் எண் பெரிதாக இருந்தால் போதாது. முதல் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

விறகடுப்பு எரியும் வீடுகளில் காசில்லாமலே இச்சத்து கிடைக்கிறது. விறகுச் சாம்பலில் சாம்பல்சத்தோடு சுண்ணாம்பும் உண்டு. மூணாற்று மண் புளிப்பு மிகுந்தது. தேயிலைக்கு அது உகந்தது. ரோஜாவுக்கு இவ்வளவு புளிப்பு ஆகாது. அமில கார அளவு 6 முதல் 6.5 வரை உள்ள மண்ணையே ரோஜா விரும்பும். தேயிலை நிலங்களில் அது பெரும்பாலும் 5-ஐ ஒட்டி நிற்கும். எனவே செடிக்கு ஒரு பிடி சாம்பல் இரு வேலை செய்கிறது. பிளாஸ்டிக்கும் வண்ணத்தாளும் எரித்த சாம்பலை மட்டும் தவிர்க்க வேண்டும். விறகடுப்பு இல்லாத வீட்டார் செடிக்கு 50 முதல் 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பை அக்டோபரில் இடலாம். சுண்ணாம்பையும் சாண உரத்தையும் ஒரே நாளில் கலந்து இடக்கூடாது. சாணத்தில் உள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்து வீணாகும். இரண்டுக்கும் இடையே இரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

எலும்புத் தூளைப் பற்றியும் கேட்கின்றனர். புளிப்பு மண்ணில் அது நன்கு கரையும். செடிக்கு 100 கிராம் என்ற அளவில் அக்டோபரில் இட்டால் மாசி மாதத்தில் வேருக்கு உதவும். அவசரமில்லை. நாய் தோண்டாமல் பார்த்துக்கொள்வதே அதில் உள்ள பெரிய வேலை.

உரத்துக்கு இணையாக முக்கியமானது கத்தரியைக் கீழே வைப்பது. அக்டோபருக்குப் பின் ஆழமாக வெட்டக் கூடாது. காய்ந்த கிளையையும் நோயுற்ற கிளையையும் மட்டும் நீக்கி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சாணக்கொல்லிப் பசையைத் தடவினால் போதும். டிசம்பர் இறுதியிலிருந்து வாடிய பூவையும் பறிக்காமல் விட்டுவிடலாம். காம்பில் காய் பிடிக்கத் தொடங்கினால், அடுத்த பூவுக்கான தளிரைச் செடி தள்ளிப்போடும். அழகுக்குச் சற்றுக் குறைவுதான், பொறுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கரும்புள்ளி நோய் கண்டு உதிர்ந்த இலைகளைக் கூட்டி எடுத்து எரிப்பது இக்காலத்துக்குரிய மற்றொரு வேலை. அவ்விலைகளை அப்படியே மூடாக்காகக் கிடக்க விட்டால், நோய் அடுத்த மழை வரை நம் செலவில் காத்திருக்கும்.

பனி விழும் இரவு

செய்தித்தாளில் மூணாற்றின் வெப்பநிலை 4 பாகை என்று வெளிவந்த நாளிலும் புல்லில் பனி உறைந்திருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். இரண்டும் சரியே. வெப்பமானி ஆள் உயரத்தில், நிழற்கூண்டில் இருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ், காற்றில்லாத இரவில், தரை தன் வெப்பத்தை மேல்நோக்கி இழந்து, தரையை ஒட்டிய காற்று அதைவிட 3, 4 பாகை குறைந்துவிடும். மேலும் குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் உள்ள லயத்தில் செடி தப்பிக்க, நூறடி கீழே ஓடைக்கரையில் உள்ள வீட்டில் கருகுகிறது. தம் வீடு எங்கே நிற்கிறது என்று பார்த்தே ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வீட்டுக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாமல் போகலாம்.

வரும் இரவை மாலையிலேயே ஓரளவு அறியலாம். இரண்டு மூன்று நாள் மேகமூட்டத்துக்குப் பின் வானம் பளிச்சென்று திறந்து, இலை அசையாமல், நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் எச்சரிக்கை தேவை. மூடுபனி சூழ்ந்த இரவு அஞ்சத்தக்கதன்று. அது தரைக்குப் போர்வை.

அத்தகைய நாளில் முற்பகலிலேயே மண்ணை நன்கு நனைக்க வேண்டும். ஈரமண் பகல் வெயிலை வாங்கிச் சேமித்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அத்திறன் குறைவு. மாலையில் இலைமேல் நீர் தெளிப்பது கூடாது. வெயில் சாய்வதற்குள் செடியைச் சுற்றி மூன்று நான்கு குச்சி நட்டு, பழைய புடவையோ சாக்கோ தரை வரை தொங்குமாறு போர்த்தலாம். துணி தரையைத் தொடுவது இன்றியமையாதது, ஏனெனில் செடிக்கு வெப்பம் கிடைப்பது தரையிலிருந்துதான். தண்டை இறுக்கிக் கட்டி, குடைபோல் மேலே மட்டும் மூடினால் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். வேறு வழியில்லையெனில் குச்சிகளின்மேல் விலகி நிற்குமாறு கட்ட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் போர்வையை எடுத்துவிடுவது அவசியம். நாட்கணக்கில் மூடி வைத்த செடியில் சாம்பல் நோய் வெண்மாவைப்போல் படியும்.

தகரச் செடிகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மாலையில் தூக்கிச் சென்று சுவரோரம், கூரையின் கீழ், ஒன்றோடொன்று நெருக்கமாக வைத்தால் போதும். மேற்கு வெயில் பட்ட கற்சுவர் இரவெல்லாம் வெப்பம் விடும். ஆனால் தகரத்தின் பக்கங்கள் எல்லாத் திசையிலும் குளிருக்குத் திறந்தவை. தரைச்செடியின் வேருக்குள்ள பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. சாக்கைச் சுற்றிக் கட்டி இடையில் காய்ந்த புல்லைத் திணிக்கலாம். கிழக்கு நோக்கிய திண்ணையில் வைக்காமலிருப்பது மற்றொரு முன்னெச்சரிக்கை. உறைந்த இலையில் காலை வெயில் சட்டென்று பட்டால் சேதம் மிகும். நிழலில் மெல்ல உருகினால் சில இலைகள் பிழைக்கும்.

கருகிவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமலிருப்பதே முதல் மருந்து. கருத்த நுனிகளை உடனே வெட்டத் தோன்றும். வெட்டினால் கீழ்க்கண்கள் விழித்துத் தளிர் விடும். அடுத்த பனியில் அதுவும் போகும். கருகிய நுனி பார்வைக்கு நன்றாக இராது. ஆயினும் கீழுள்ள கண்களுக்கு அது ஒரு கூரை.

தொலைநாட்டு அறிவுரையும் நம் மலையும்

கைப்பேசியில் ரோஜா, குளிர்காலம் என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் வட அமெரிக்க அறிவுரைகள். செடியைச் சுற்றி ஓரடி உயரம் மண் அணையுங்கள், செடியையே சாய்த்துப் பள்ளத்தில் புதையுங்கள் என்றெல்லாம் அவை கூறும். அவை பொய்யல்ல. டொராண்டோவில் வாழும் நம் தமிழர்கள் கொல்லையில் ரோஜா வைத்திருந்தால் அவ்வாறுதான் செய்ய வேண்டும். அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை வரை போகக்கூடும். மண்ணே கல்லாக உறைகிறது. ஒட்டுப் பகுதி உறைந்தால் செடி முழுவதும் போய்விடும். ஆகவே ஒட்டுப் பகுதியை மண்ணுக்குள் புதைத்து நடுகின்றனர். மினசோட்டா மாநிலத்தில் செடியின் ஒரு பக்க வேரைத் தளர்த்தி, முழுச் செடியையும் பள்ளத்தில் படுக்க வைத்து மூடும் முறை அம்மாநிலத்தின் பெயராலேயே வழங்குகிறது. கனடா அரசின் வேளாண் துறை, அந்நாட்டை ஆராய்ந்த பயணிகளின் பெயர்களைச் சூட்டி, கடுங்குளிர் தாங்கும் ரோஜா வகைகளின் வரிசை ஒன்றையே உருவாக்கியது.

மூணாற்றில் மண் ஆழத்துக்கு உறைவதில்லை. மிகக் கடுமையான இரவிலும் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சில பாகைகளோடு நிற்கிறது. பத்து மணிக்கு வெயில் சுடுகிறது. வேரூன்றிய, இரண்டாண்டு கடந்த ஒட்டுச்செடியின் மரத்தண்டு இதைத் தாங்கும். ஆபத்து தளிருக்கும் மொட்டுக்கும் அவ்வாண்டு நட்ட இளஞ்செடிக்கும்தான். இங்கே ஓரடி மண் அணைத்தால், ஈரத்தில் பட்டை அழுகும்; ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து வேர்த்தண்டின் காட்டுக் கிளைகள் எழும். இளஞ்செடிக்கு நான்கு விரல் உயரம் மக்கிய இலையும் காய்ந்த புல்லும் போதும். அதுவும் தண்டைத் தொடாமல்.

நமக்குப் பக்கத்து முன்மாதிரி உதகமண்டலம். எல்க் மலைச் சரிவில் 1995-இல் அமைந்த அரசு ரோஜாப் பூங்கா, 2006-இல் ஜப்பானின் ஒசாகாவில் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கிய விருதைப் பெற்றது. அங்கும் ஒவ்வோர் ஆண்டும் உறைபனி உண்டு. அச்செடிகளின் பெரிய பூப்பருவம் கோடை. ஆண்டுத் தொடக்கத்தில் கவாத்து செய்து மே மாதத்துக்குப் பூக்க வைக்கின்றனர். மார்கழியில் பூவை வற்புறுத்துவதில்லை. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி செல்லும் சாலையில் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் மலர்த்தோட்டம் இருக்கிறது. குளிர்மாதங்களில் ஒருமுறை சென்று, செடிகள் எந்நிலையில் நிற்கின்றன என்று பார்த்துவருவது படிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

மறையூரும் பாலக்காடும்

மூணாற்றிலிருந்து 40 கிலோமீட்டர் கீழே இறங்கினால் மறையூர் மழைமறைவுப் பகுதி. தென்மேற்கு மழை அங்கே குறைவு. இங்கு உறைபனிக் கவலை இல்லை, கவலை வறட்சி. வடகிழக்கு மழை நின்றதும் மூடாக்கிட்டு, நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். மேலே காந்தளூரிலும் வட்டவடையிலும் பூண்டு விளையும் படிக்கட்டு நிலங்களில் குளிர் கூடுதல். பள்ளமான வயலோரத்தில் ரோஜா வைத்திருப்போர் மூணாற்றாரைப் போலவே போர்வைக்கு ஆயத்தம் செய்யலாம்.

நெல்லியாம்பதியில் குளிர் உண்டு, உறைபனி அரிது. அங்கே பகைவன் ஈரம். மூடுபனியில் இலை நனைந்தே இருப்பதால் கரும்புள்ளி நோய் தொடரும். செடிகளுக்கு இடையே காற்று புகுமாறு இடைவெளி விடுவதே சிறந்த மருந்து.

பாலக்காட்டுச் சமவெளியிலோ நிலைமை தலைகீழ். மார்கழியும் தையும் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் காலம். அது இலையிலிருந்து நீரை உறிஞ்சி, மொட்டின் ஓரங்களைக் காயவைக்கும். கிழக்குப் பக்கம் ஒரு தட்டியோ செம்பருத்தி வேலியோ இருப்பின் பாதிக் கவலை தீரும். ஆயினும் பாலக்காட்டார்க்கு இதுவே நல்ல பூப்பருவம். கவாத்தும் உரமும் இங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான். மூணாற்று உறவினர் சொல்லும் நாட்காட்டியை இங்கே பின்பற்ற வேண்டா. சித்தூர் வட்டத்தின் கிழக்கே கரிசல் மண் உள்ள இடங்களில் சாம்பலும் சுண்ணாம்பும் கூடவே கூடா; அம்மண் முன்பே காரத்தன்மை உடையது.

சாலையோரத்தில் நாற்றுத் தொட்டி விற்றுப் பிழைக்கும் வாடிக்கையாளர்களும் இவ்விதழைப் படிக்கின்றனர். ஒரே பனி இரவில் விற்பனைச் சரக்கு முழுவதும் கருகுவது அவர்களுக்கு ஓராண்டு இலாபத்தை இழப்பதாகும். பசுமைக்குடிலுக்கும் நாற்றுப்பண்ணைக்கும் வேளாண் கடன் பிரிவில் விண்ணப்பிக்க இடமுண்டு. அருகிலுள்ள கிளையில் அக்டோபருக்கு முன்பே விசாரிப்பது நலம். குடில் அமைக்கச் சில வாரம் ஆகும், பனி அதற்காகக் காத்திராது.

மூணாற்றுப் பகுதியில் பிப்ரவரி நடுப்பகுதி கடந்து, இரவுகள் சற்று இளகியதும் கத்தரியை மீண்டும் கையில் எடுக்கலாம். கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்தால் பச்சை தெரிந்தால் உயிருண்டு. பழுப்பானால் இன்னும் கீழே இறங்க வேண்டும். வெட்டிய தண்டின் நடுச்சோறு வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும் வரை வெட்டி, வெளிநோக்கிய ஒரு கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே நிறுத்த வேண்டும். யூரியாவும் சாணக் கரைசலும் பிண்ணாக்கும் இடுவதற்குரிய நேரம் இதுவே. அவ்வாறு வெட்டிய செடி சித்திரைப் பிறப்பை ஒட்டி மொட்டு வைத்து, கோடை விடுமுறைக்கு மலை நிரம்பும் வேளையில் வாசலில் பூத்து நிற்கும்.